மஞ்சள் பூத்த நாயின் பித்தப்பையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வளர்ப்புப் பிராணிகளுக்கென்று கேள்வி-பதில் பகுதி வருவது நல்ல காரியம். அண்மையில் அதில் ஒரு வாசகர், தன் வீட்டுப் பொமரேனியன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மஞ்சளாக நுரை வாந்தி எடுக்கிறது, கண்ணும் மஞ்சளாகத் தெரிகிறது, வயது ஒன்பதைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து ஒரு வாரம் கொடுங்கள், கூடவே கல்லீரல் டானிக் ஊற்றுங்கள் என்று பதில் வந்திருந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் நாய் செத்துப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. வயதான சிறு நாய், வாந்தி, பட்டினி, மஞ்சள் கண் என்ற நான்கும் சேர்ந்தால் எங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது பித்தப்பை. அதை யாரும் நினைப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

நாய்க்கு மஞ்சள் காமாலை மூன்று வழியில் வரும். ரத்தத்தின் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைவது ஒன்று. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல், அதிலும் பேபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி, இதற்குப் பெரிய காரணம். கல்லீரலே கெட்டுப்போவது அடுத்தது. எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் இந்த வகை. மூன்றாவது, கல்லீரல் சுரந்த பித்தநீர் குடலுக்கு இறங்க வழியில்லாமல் தேங்குவது. பித்தப்பை நோய், கணைய அழற்சி, பித்தநாளத்தை அழுத்தும் கட்டி ஆகியவை இதில் அடங்கும். மழைக்காலத்தில் எலிக் காய்ச்சலும், உண்ணி பெருகும் மாதங்களில் உண்ணிக் காய்ச்சலும் அதிகம் வருவதால் முதல் இரண்டையும் எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்றாவதற்கு ஊசியும் டானிக்கும் போட்டுப் பார்த்துக் காத்திருப்பதே வழக்கமாகிவிட்டது.

இந்த மூன்றையும் ஓரளவு வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். டியூப் லைட்டில் பார்க்காதீர்கள். நாயைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். ரத்தம் விலகிய அந்த ஒரு நொடியில் அடியில் இருக்கும் நிறம் தெரியும். அழுத்துவதற்கு முன்பே ஈறு வெளுத்திருந்து, அடியில் மஞ்சளும் இருந்தால் ரத்தம் உடைகிறது என்று சந்தேகிக்கலாம். ஈறு நல்ல இளஞ்சிவப்பாக இருந்து, அழுத்திய இடம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் கல்லீரலையோ பித்தப் பாதையையோ பார்க்க வேண்டும். ஈறு கறுப்பான நாய்க்கு கண்ணின் வெள்ளை, கீழ் இமையின் உட்புறம், காது மடலின் உட்புறம், முடியில்லாத அடிவயிறு ஆகிய இடங்களைப் பாருங்கள். காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் நாயின் ரத்தத்தில் பொதுவாக டெசிலிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள் இருக்கும். நம் கண்ணுக்கு மஞ்சள் படுவதற்கு அது 2 மில்லிகிராமையாவது தாண்டியிருக்க வேண்டும். எனவே ‘இன்று காலையில்தான் மஞ்சளாச்சு’ என்று வரும் நாய்க்கு நோய் அதற்குச் சில நாள் முன்பே தொடங்கியிருக்கும். எலிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும் என்பதால், காரணம் தெரியும்வரை அந்த நாயின் சிறுநீரைக் கையுறை போட்டே துடையுங்கள். குழந்தைகளை ஒதுக்கி வையுங்கள்.

மருத்துவமனையில் அன்றே எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), தட்டணு எண்ணிக்கை, ரத்தத் தடவலில் ஒட்டுண்ணி, பிலிருபின், கல்லீரல் நொதிகளான ஏ.எல்.டி., ஏ.எல்.பி., கொலஸ்ட்ரால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின், சர்க்கரை. பி.சி.வி. 20க்குக் கீழே இருந்தால் ரத்த உடைவின் பக்கம் போகலாம். கிரியாட்டினின் ஏறியிருந்தால் எலிக் காய்ச்சலை விடக்கூடாது. பி.சி.வி. சரியாக இருந்து, ஏ.எல்.பி.யும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து எகிறியிருந்தால் பித்தப் பாதையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும். ஏ.எல்.பி. மட்டும் தனியாக ஏறியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு அது தானாகவே பல மடங்கு ஏறும். ஏற்கெனவே மஞ்சள் பூத்த நாய்க்குப் பித்த அமிலப் பரிசோதனை எடுப்பதும் வீண் செலவு. பித்தம் தேங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்போது அது புதிதாக ஒன்றும் சொல்லாது.

இனி பித்தப்பைக்கு வருவோம். நாயின் கல்லீரல் மடல்களுக்கு இடையே, வலப்பக்கமாகச் செருகியிருக்கும் சிறு பை இது. பட்டினியாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் பித்தநீர் அதில் நிற்கும். கொழுப்புள்ள சாப்பாடு முன்சிறுகுடலைத் தொட்டதும் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குத் தள்ளும். மனிதருக்கு வருவது போலக் கொலஸ்ட்ரால் கல் நாய்க்குச் சுலபத்தில் வராது. வரும் கற்களும் பெரும்பாலும் கால்சியமும் பித்த நிறமியும் சேர்ந்தவை. பல நாய்களில் அவை ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கும். நாய்க்கு ஆபத்தான பித்தப்பை நோய் மியூகோசீல். பையின் உள்சுவரில் உள்ள சளிச் சுரப்பிகள் பெருத்து, கெட்டியான கோழையை ஓயாமல் சுரக்கின்றன. அது பித்தநீரோடு கலந்து இறுகி, மாதக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கரும்பச்சை நிறத்தில் கத்தியால் வெட்டும் அளவுக்கு உறைந்துவிடுகிறது. பை சுருங்க முடியாமல் உப்பிக்கொண்டே போகும். சுவருக்கு ரத்தம் போவது குறைந்து, ஓரிடம் செத்து, அங்கே கிழியும். கோழையின் ஒரு துண்டு நழுவிப் பித்தநாளத்தில் அடைத்துக்கொண்டாலும் காமாலை வரும்.

யாருக்கு வருகிறது? பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதைத் தாண்டிய நாய்களுக்கு. வெளிநாட்டு ஆய்வுகளில் ஷெட்லாண்ட் ஷீப்டாக், காக்கர் ஸ்பேனியல், மினியேச்சர் ஷ்னாசர், பார்டர் டெரியர், பொமரேனியன், சிவாவா ஆகிய இனங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் காக்கரும் பொமரேனியனும் நம் தெருக்களிலும் அடுக்கக வீடுகளிலும் நிறைய உண்டு. உடலில் ஸ்டீராய்டு ஹார்மோன் மிகையாகும் குஷிங் நோய் உள்ள நாய்க்கு மியூகோசீல் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகம். தைராய்டு குறைவும் ரத்தக் கொழுப்பு மிகுதியும் கூட வரும் கூட்டாளிகள். தொங்கும் வயிறு, மெலியும் முடி, ஓயாத பசி, அதிகத் தாகம் ஆகியவை குஷிங்கின் அடையாளம். தாகத்தை அளந்தே பார்த்துவிடலாம். கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீரையும் மறுநாள் மீந்ததையும் அளவுக் குவளையில் அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரிப்புக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் இதே குஷிங் நிலைக்குக் கொண்டுபோய் விடும். தோல் நோய்க்காக மருந்துக் கடையில் நேராக வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறிகள் தொடக்கத்தில் மங்கலானவை. வாரத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை வாந்தி, கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது, வழக்கத்தைவிட அதிகத் தூக்கம். ‘பித்தம் ஏறியிருக்கும், புல் தின்றால் சரியாகும்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வலி கூடும்போது முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் படுத்து, பின்பாகத்தை மட்டும் தூக்கியே வைத்திருக்கும். தூக்க வரும் கையைப் பார்த்து உறுமும். மலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகப் போனால் பித்தநாளம் முழுதாக அடைபட்டுவிட்டது என்று பொருள். சில நாய்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது; வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது மியூகோசீல் அகப்படும். இந்த நாய்களின் நிலை உண்மையில் நல்லது. நிதானமாக முடிவெடுக்க இவற்றுக்கு நேரம் இருக்கிறது.

இந்த நோய்க்கு ஸ்கேனே உயிர்நாடி. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் கொண்டுபோங்கள், தண்ணீர் கொடுக்கலாம். நீரிழிவு உள்ள நாயாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்று முடியை நன்றாக மழிக்க விடுங்கள். பொமரேனியனின் அடர்ந்த முடிமேல் ஜெல்லைப் பூசி எடுக்கும் ஸ்கேனில் காற்றுதான் தெரியும். ‘கல்லீரல் பெருத்திருக்கிறது, பித்தப்பையில் கசடு’ என்று ஒரே வரியில் வரும் அறிக்கையால் பயனில்லை. பையின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் (பொதுவாக 2க்குள் இருக்க வேண்டும்), பொதுப் பித்தநாளம் எத்தனை மில்லிமீட்டர் (3ஐத் தாண்டினால் அடைப்பைத் தேட வேண்டும்), உள்ளே இருப்பது அசைகிறதா, பையைச் சுற்றிய கொழுப்பு பளிச்சென்று வெளுத்திருக்கிறதா, வயிற்றில் எங்காவது நீர் நிற்கிறதா, கணையம் எப்படி இருக்கிறது என்று ஆறும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அசைகிறதா என்ற கேள்வி மிக முக்கியம். வயதான நாய்களில் பித்தப்பைக்குள் கசடு இருப்பது சர்வசாதாரணம். நாயைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாலோ நிற்க வைத்தாலோ கசடு மெல்ல வழிந்து கீழ்ப்பக்கம் சேரும். அப்படி வழிந்தால் அது பெரும்பாலும் நோயே இல்லை. மருந்தும் வேண்டாம், ஆறு மாதத்தில் மறுபடி பார்த்தால் போதும். கசடு என்ற சொல்லைப் பார்த்ததும் ஆயுள் முழுக்க மாத்திரை எழுதும் பழக்கத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்களும் விட வேண்டும். நாயைப் புரட்டியும் அசையாமல், நடுவில் கறுத்தும் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கோடு கோடாகவும், கிவி பழத்தைக் குறுக்கே வெட்டியது போலத் தெரிந்தால் அது முற்றிய மியூகோசீல். கோழை கெட்டிப்படத் தொடங்கும் நிலை இவை இரண்டுக்கும் நடுவே வரும். அந்த நாயை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து, முன்னைய படத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும். எனவே படத்தைப் பத்திரப்படுத்துங்கள். சூடுபட்டுக் கறுத்துப்போகும் தாளை நம்பாமல் கைபேசியில் அன்றே படம் பிடித்து வையுங்கள்.

கிருமி தொற்றிய பித்தப்பை அழற்சி வேறு கணக்கு. காய்ச்சல், தடித்த சுவர், ஆனால் உள்ளே இருப்பது நீராகவே இருக்கும். ஸ்கேனைப் பார்த்தபடி 22 எண் ஊசியைக் கல்லீரல் வழியாகச் செலுத்திப் பித்தநீரை உறிஞ்சி, காற்று வேண்டும் கிருமிகளுக்கும் வேண்டாத கிருமிகளுக்கும் இரண்டு வகை வளர்ப்புச் சோதனையும் செய்யலாம். ஈ.கோலை, எண்டிரோகாக்கஸ் போன்ற குடல் கிருமிகளே அதிகம் வரும். எந்த ஆன்டிபயாட்டிக் என்பதை அந்த முடிவு சொல்ல வேண்டும். மியூகோசீல் உள்ள பையில் இப்படி ஊசி போடுவதை நாங்கள் தவிர்க்கிறோம். கோழை ஊசியில் ஏறாது, இறுகி விம்மிய சுவரில் போட்ட துளை வழியாகக் கசிவும் வரும்.

வயிற்றில் நீர் தெரிந்தால் அன்றே ஊசியில் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நீரின் பிலிருபினையும் ரத்தத்தின் பிலிருபினையும் ஒரே நேரத்தில் அளந்து, நீரில் இருப்பது ரத்தத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ என்றால் பித்தப்பை கிழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கிழிந்த உடனே எல்லா நாயும் சுருண்டு விழும் என்று நினைக்க வேண்டாம். கிருமி இல்லாத பித்தநீர் கசிந்தால், நாய் சில நாள் வரை கொஞ்சம் சாப்பிட்டுக்கொண்டும் வாலாட்டிக்கொண்டும் இருக்கும், வயிறு மட்டும் மெல்லப் பருக்கும். அதில் கிருமி சேர்ந்துவிட்டால் பிழைப்பது மிகவும் கடினம்.

மருந்து பற்றிச் சில அளவுகள். பித்தநீரை இளக்கி ஓடவைக்க உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் பயன்படுகிறது. நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மனிதருக்கான 150, 300 மில்லிகிராம் போன்ற மாத்திரைகளே மருந்துக் கடையில் கிடைக்கும். 10 கிலோ நாய்க்கு 150 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் காலை, இரவு சாப்பாட்டோடு கொடுக்கலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியாக உறிஞ்சப்படாது. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: பித்தநாளம் முழுதாக அடைபட்டிருக்கும்போது இந்த மருந்து கூடாது. வழி மூடியிருக்கையில் ஓட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்கேன் எடுக்காமல் இதைத் தொடங்கக்கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வது அதனால்தான். கல்லீரலைக் காக்க எஸ்-அடினோசில்மெத்தியோனின் கிலோவுக்கு 20 மில்லிகிராம், இது வெறும் வயிற்றில். வாந்திக்கு மரோபிடன்ட் ஊசி கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. தைராய்டு குறைவோ குஷிங்கோ இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் இந்த மருந்துகள் எல்லாம் பாதி வேலைதான் செய்யும்.

கல்லீரல் டானிக் எதுவும் அடைப்பைத் திறக்காது. கீழாநெல்லியும் திறக்காது. மனிதருக்கு வரும் வைரஸ் காமாலைக்குக் கொடுக்கும் மருந்தை நாயின் பித்தப்பை அடைப்புக்குக் கொடுத்துப் பயன் இல்லை. நாள்தான் போகும். வீட்டிலிருக்கும் மனிதர் சிரப்பை ஊற்றுபவர்கள் லேபிளைப் படியுங்கள்: சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருந்து, பொருள் பட்டியலில் சைலிட்டால் இருந்தால் அது நாய்க்கு நஞ்சு, சர்க்கரையைச் சடாரென்று இறக்கும், கல்லீரலையும் அழிக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றையும் தொடாதீர்கள். வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று விளக்கெண்ணெய் ஊற்றுவது இரட்டை ஆபத்து. எண்ணெய் குடலைத் தொட்டதும் பித்தப்பை சுருங்கப் பார்க்கும், வலி கூடும். வாந்தி எடுக்கும் நாயின் வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும்.

சாப்பாட்டில் கொழுப்பைக் குறைப்பது எல்லா நிலையிலும் உதவும். தீபாவளிக்கும் ஆடி மாதக் கிடா விருந்துக்கும் மறுநாள் வாந்தியோடு வரும் நாய்களில் பலவற்றுக்கு ஆட்டுக் கொழுப்பும் கோழித் தோலும் தின்ற கணைய அழற்சி இருக்கும். வீங்கிய கணையம் பக்கத்திலேயே ஓடும் பித்தநாளத்தை அழுத்தி, அதனாலும் காமாலை வரும். இந்த வகைக் காமாலை பெரும்பாலும் டிரிப்ஸ், வலி மருந்து, கவனிப்பு ஆகியவற்றிலேயே இறங்கிவிடும். அறுவை சிகிச்சை வேண்டியிருக்காது. அதைப் பிரித்துச் சொல்லவும் ஸ்கேன்தான் வேண்டும். நோய் கண்ட நாய்க்கு வீட்டில் சமைப்பதானால் தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு, எண்ணெய், நெய், முட்டை மஞ்சள் எதுவும் வேண்டாம். நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். இது இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான். சுண்ணாம்புச் சத்தும் வேறு பல சத்துகளும் இதில் போதாது என்பதால், நீண்ட நாளைக்கு வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டு முழுமையான குறைக்கொழுப்பு உணவுக்கு மாறுங்கள். பாக்கெட் உணவில் 1000 கலோரிக்கு 25 கிராமுக்குக் குறைவான கொழுப்பு உள்ளதைத் தேடுங்கள். மெல்ல மாறிக்கொண்டு வரும்போது இடையில் ‘ஒரே ஒரு துண்டு’ கறி கொடுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இனி அறுவை சிகிச்சை. முற்றிய மியூகோசீலுக்கு முடிவான வைத்தியம் பித்தப்பையை அப்படியே எடுத்துவிடுவதுதான். கீறிக் கோழையை மட்டும் எடுத்துவிட்டுப் பையைத் தைத்தால், சுரக்கும் சுவர் அங்கேயே இருப்பதால் நோய் திரும்பும். செத்த சுவரில் தையலும் நிற்காது. எப்போது செய்வது என்பதில்தான் உயிர் தொங்குகிறது. 2018ல் வெளியான ஒரு ஆய்வில், காமாலையோ கிழிசலோ வருவதற்கு முன் திட்டமிட்டுச் செய்த நாய்களில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2. அவசரத்தில் செய்தவற்றில் நூற்றுக்கு 20. மருந்தை முயன்று பார்த்துவிட்டு, அது தோற்ற பிறகு அறுவைக்குப் போன நாய்களே குறைந்த நாள் வாழ்ந்தன என்று 2019ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. அறிகுறி இல்லாத நாய்க்கு எதற்குக் கத்தி என்று தயங்குபவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்ட வேண்டும். இதய நோயோ வேறு பெரிய நோயோ உள்ள நாய்க்கு மருந்தும் மாதாந்திர ஸ்கேனும் நியாயமான வழி என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மேசைக்குப் போவதற்கு முன் ஒன்று தவறவே கூடாது. பித்தம் குடலுக்கு இறங்காவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின் கே உறிஞ்சப்படாது, ரத்தம் உறையும் நேரம் நீளும். உறைவு நேரத்தைப் பார்த்துவிட்டு, வைட்டமின் கே1 ஊசியைக் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம், தோலுக்கடியில், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்க வேண்டும். ரத்தக்குழாயில் போட்டால் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். ரத்தம் கொடுக்க 25 கிலோவுக்கு மேற்பட்ட, தடுப்பூசி போட்ட, உண்ணிக் காய்ச்சல் இல்லாத நாயை ஏற்பாடு செய்து வைப்பது நல்லது. வளர்ப்பவர் உறவினர் வீட்டு லாப்ரடாரைக் கூட முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

வயிற்றின் நடுக்கோட்டில் திறந்து, முதலில் கசிந்த நீரை மாதிரி எடுத்து, பிறகு பையைக் கல்லீரல் படுக்கையிலிருந்து பொறுமையாகப் பிரித்து, பித்தப்பை நாளத்தை இரண்டு முடிச்சிட்டு அறுப்பது முறை. பையை இழுக்கும்போது இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும். மயக்க மருந்து பார்ப்பவர் துடிப்பை ஏற்றும் அட்ரோபினைக் கையில் வைத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை அளக்காமல் இந்த அறுவையில் இறங்கக்கூடாது. சராசரி அழுத்தம் 60க்குக் கீழே நெடுநேரம் கிடந்த நாய்களைத்தான் பிறகு இழக்கிறோம். பித்தநாளம் விரிந்திருந்தாலோ காமாலை இருந்தாலோ, சிசுக்களுக்கு உணவு செலுத்தும் மெல்லிய குழாய் ஒன்றை நாளத்துக்குள் விட்டு, வெதுவெதுப்பான சலைனால் அலசி, குடல்வரை வழி திறந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும். நாளத்தில் கோழைத் துண்டு மிஞ்சிவிட்டால் நான்காம் நாள் காமாலை மறுபடி ஏறும், இரண்டாவது அறுவை அதைவிடப் பல மடங்கு ஆபத்து. அடைப்பே இல்லாத நாய்க்கு இந்த அலசல் கட்டாயமில்லை; முன்சிறுகுடலைக் கீறி அலசுவது கணையத்தைச் சீண்டும். எடுத்த பையில் ஒரு துண்டையும் கல்லீரலில் ஒரு துண்டையும் பத்து மடங்கு அளவு ஃபார்மலினில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கும், சுவரின் இன்னொரு துண்டை ஃபார்மலினில் போடாமல் கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். செலவைக் குறைக்க இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு காய்ச்சல் வந்தால் எந்த மருந்து என்று இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வாரம்தான் கண்டம். அதைத் தாண்டிய நாய்கள் பெரும்பாலும் வழக்கமான ஆயுள் வாழ்கின்றன. பித்தப்பை இல்லாவிட்டாலும் கல்லீரல் சுரப்பது நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தபின் ஈறின் நிறம், வயிற்றுச் சுற்றளவு, வாந்தி மூன்றையும் தினமும் பாருங்கள். அளவு நாடாவைத் தொப்புள் இருக்கும் இடத்தில் சுற்றி, அதே இடத்தில் தினமும் அளந்து குறித்து வைத்தால் கசிவை முதல் நாளே பிடிக்கலாம். மூன்று முதல் ஐந்து நாளில் பிலிருபின் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஏ.எல்.பி. வாரக்கணக்கில் ஏறியே இருக்கும், அதற்காகக் கலங்க வேண்டாம். தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கலாம்.

தங்கள் நாளிதழிடமும் அரசிடமும் எங்களுக்கு இரண்டு கோரிக்கைகள். கேள்வி-பதில் பகுதியில் காமாலை, மூச்சுத்திணறல், வயிறு உப்புசம், சிறுநீர் அடைப்பு பற்றி வரும் கடிதங்களுக்கு வீட்டு வைத்தியம் எழுத வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள் என்று ஒரு வரி போதும், கடிதம் அச்சாகும்வரை காக்காமல் அந்த வாசகருக்கு உடனே தெரிவித்துவிட்டால் இன்னும் நல்லது. அடுத்தது ஸ்கேன் வசதி. 1903ல் தொடங்கிய வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் கற்பித்தல் மருத்துவமனைகள் உள்ளன. அவற்றிலிருந்து தொலைவில் இருக்கும் ஊர்க்காரருக்கு, எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை சிறு பிராணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள் என்பதே தெரிவதில்லை. மாடுகளுக்குச் சினைப் பரிசோதனை செய்யும் கருவி பல இடங்களில் இருக்கிறது. சிறு நாயின் பித்தப்பையைப் பார்க்க அதற்கேற்ற நுனிக்கருவியும் அதில் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையிலாவது இவை இரண்டையும், ஞாயிறு உட்பட, கால்நடை பராமரிப்புத் துறை உறுதி செய்ய வேண்டும். கிழமையும் நேரமும் எழுதிய பட்டியலை எல்லாக் கால்நடை மருந்தகங்களின் சுவரிலும் ஒட்ட வேண்டும். அதே பட்டியலைத் தங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒருமுறை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு பிராணிகள் சிகிச்சையில் பணியாற்றும் கால்நடை மருத்துவர்கள்,
மதுரை.